பக்கத்தில் படுப்பவர் கண்ட நோய்

பெரும்பாலான நோய்களுக்கு முதல் சாட்சி நோயாளிதான். வலிக்கிறது, எரிகிறது, குத்துகிறது என்று அவர் வாய் திறந்து சொன்ன பிறகே மற்றவர்களுக்கு விஷயம் தெரியும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியாவில் இந்த வரிசை தலைகீழ். நோய் நடக்கும் நேரத்தில் நோயாளி தூங்கிக்கொண்டிருக்கிறார். பார்ப்பவர் பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி.

குறட்டை படிப்படியாக ஏறுகிறது. உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று நிற்கிறது. கூடத்தில் படுத்திருக்கும் மாமியார் அப்பாடா என்று புரண்டு படுக்கிறார். குறட்டையோடு சேர்ந்து மூச்சும் நின்றிருப்பது மருமகளுக்கு மட்டும்தான் தெரியும். நெஞ்சு தூக்கிப் போடுகிறது, வயிறு உள்வாங்குகிறது, மூக்கருகே விரலை வைத்தால் காற்று இல்லை. பத்து விநாடி, இருபது, முப்பது. தோளைப் பிடித்து உலுக்குகிறாள். "என்னங்க... என்னங்க, திரும்பிப் படுங்க." செருமலும் திணறலுமாக ஒரு பெரிய மூச்சு. மறுபடி குறட்டை. காலையில் கேட்டால், "நல்லாத்தானே தூங்கினேன்? நீதான் ஏதாவது கனவு கண்டிருப்பே."

அவர் பொய் சொல்லவில்லை. மூச்சு அடைபடும்போதெல்லாம் மூளை விழித்துக்கொள்கிறது. தொண்டைத் தசைகளை உசுப்பி, காற்று உள்ளே போனதும் திரும்பத் தூங்கிவிடுகிறது. தூக்க ஆய்வகத்தில் மூன்று விநாடி நீடித்தாலே அதை ஒரு விழிப்பு என்று குறித்துக்கொள்வார்கள். அவ்வளவு குட்டியான விழிப்பு நினைவில் தங்காது. இரவு முழுக்க முந்நூறு நானூறு தடவை எழுந்தவர், ஒரு தடவைகூட எழவில்லை என்று சத்தியம் செய்வார். இந்த நோயோடு மனம் படும் பாட்டில் பெரும்பகுதி இங்கிருந்துதான் கிளம்புகிறது. நோய் அவருக்குத் தெரியாது. சிகிச்சை மட்டும் தெரியும். முகத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு நன்றாகவே தெரியும்.

மூக்குக்கும் குரல்வளைக்கும் நடுவில் இருக்கும் தொண்டைப் பகுதிக்கு எலும்பின் ஆதாரம் கிடையாது. கீழே மூச்சுக்குழாயில் குருத்தெலும்பு வளையங்கள் இருக்கின்றன, மேலே மூக்கில் எலும்பு இருக்கிறது, நடுவில் வெறும் தசை. நனைந்த காகித ஸ்ட்ராவால் இளநீரை வேகமாக உறிஞ்சினால் நடுவில் ஒட்டிக்கொள்ளும் அல்லவா, அதேதான் இங்கும். விழித்திருக்கும்போது நாக்கை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் தசைகள் தூக்கத்தில் தளர்கின்றன; கனவு வரும் கட்டத்தில் இன்னும் தளர்கின்றன. கழுத்தில் கொழுப்பு கூடியவர்கள், கீழ்த்தாடை உள்வாங்கியவர்கள், டான்சில் பெருத்தவர்கள் ஆகியோருக்குப் பாதை ஏற்கெனவே குறுகல். உறிஞ்சும் வேகத்தில் அது மூடிக்கொள்கிறது. ஒல்லியானவர்களுக்கும் இந்த நோய் வருவதற்குத் தாடை அமைப்பு ஒரு முக்கியக் காரணம். குட்டை மூக்குப் புல்டாக் நாய்களுக்கும் இது உண்டு.

பத்து விநாடிக்குக் குறையாமல் மூச்சு நிற்பதையும் வெகுவாகச் சுருங்குவதையும் எண்ணி, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை என்று கணக்கிட்டால் கிடைப்பது ஏஹெச்ஐ என்ற எண். 5க்குக் கீழே இருந்தால் இயல்பு. 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. 60 என்று வந்தால் நிமிடத்துக்கு ஒரு முறை என்று பொருள். ஒவ்வொரு முறையும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, அட்ரினலின் பாய்கிறது, ரத்த அழுத்தம் எகிறுகிறது. மூடிய தொண்டையை எதிர்த்து நெஞ்சு இழுக்கும் இழுப்பில் இதயத்தின் மேலறை விரிந்து, உடம்பில் தண்ணீர் கூடிவிட்டது என்று தப்புக் கணக்குப் போட்டு, சிறுநீரகத்தைத் தூண்டும் ஹார்மோனைச் சுரக்கிறது. ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போகிறவர் சர்க்கரை டெஸ்ட்டுக்கும் புராஸ்டேட் ஸ்கேனுக்கும் அலைகிறார். தொண்டையைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இது அபூர்வ நோயும் இல்லை. 30 வயதிலிருந்து 69 வயது வரை உள்ளவர்களில் உலகம் முழுக்க 90 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஒரு அளவில் இது இருக்கலாம் என்று 2019-இல் வந்த மதிப்பீடு சொன்னது. இந்தியாவில் மட்டும் சுமார் 10 கோடிப் பேர் என்று 2023-இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் கணக்கிட்டார்கள்.

இத்தனை பேரையும் ஊர் என்ன சொல்கிறது? கும்பகர்ணன் என்கிறது. மீட்டிங்கில் தூங்குகிறவன், சினிமாவில் இடைவேளைக்கு முன்பே சாய்கிறவன், சாப்பிட்ட தட்டோடு கண் சொக்குகிறவன். தூக்கமே கிடைக்காத மனிதனுக்குத் தூங்குமூஞ்சி என்று பட்டம் கொடுப்பதுதான் இதில் உள்ள கொடுமை. நாற்பது வயதுக்கு மேல் அவர் அந்தப் பட்டத்தைத் தானே நம்பத் தொடங்கிவிடுகிறார். முன்பெல்லாம் வீட்டுக் கணக்கை வாய்க்கணக்காய்ப் போட்டவருக்கு இப்போது பால்காரன் கணக்கே இரண்டு முறை தப்புகிறது. பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார். ஆசை குறைகிறது, அதை மனைவியிடம் சொல்லவும் கூச்சம். தனக்கு வயதாகிவிட்டது, தான் சோம்பேறி, தான் எதற்கும் லாயக்கில்லை என்று ஒரு தீர்ப்பை எழுதி வைத்துக்கொள்கிறார்.

பெண்களின் நிலை இதைவிட மோசம். அவர்கள் அவ்வளவாகக் குறட்டை விடுவதில்லை, விட்டாலும் சொல்ல ஆளில்லை. தூக்கம் வரவில்லை, உடம்பு அசதி, மனசு சரியில்லை என்றுதான் டாக்டரிடம் சொல்வார்கள். மாதவிடாய் நின்ற பிறகு இந்த நோய் வருவதற்கான வாய்ப்பு ஏறுகிறது. அந்த வயதில் அசதி என்று சொல்கிற பெண்ணுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரும்புச் சத்து மாத்திரையும் தைராய்டு டெஸ்ட்டும். கணவனின் மூச்சை எண்ணிக்கொண்டு அவள் விழித்திருக்கிறாள். அவள் மூச்சை எண்ண யாரும் விழித்திருப்பதில்லை.

மனச்சோர்வை அளக்க மருத்துவர்கள் கையாளும் ஒன்பது கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. தூக்கம் சரியில்லையா, எப்போதும் களைப்பா, கவனம் நிற்கவில்லையா என்று அதில் மூன்று நான்கு கேள்விகள் வரும். கடுமையான ஸ்லீப் ஆப்னியா உள்ளவர் அத்தனைக்கும் ஆமாம் என்பார். ஆக, மனநோய் இல்லாமலே மனச்சோர்வு மதிப்பெண் கூடுகிறது. அதே சமயம், வருடக்கணக்காகத் தூக்கம் துண்டாடப்பட்டு, ஆக்சிஜன் இறங்கி இறங்கி ஏறுவதால் நிஜமான மனச்சோர்வும் வருகிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது நல்ல மனநல மருத்துவருக்கே சிரமம். பிரித்துப் பார்க்காமல் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தால் வினை. சில வகை மாத்திரைகள் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி, எழுப்பிவிட வேண்டிய மூளையையும் மந்தமாக்கும்.

ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே சொல்லத் தக்கது. புதிதாக ஸ்லீப் ஆப்னியா கண்டறியப்பட்ட சுமார் 300 பேரில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு மனச்சோர்வு மதிப்பெண் கவலைப்படும் அளவில் இருந்தது. இரவில் மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தும் சிபேப் இயந்திரத்தை மூன்று மாதம் ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களை மறுபடி கேட்டபோது, அந்த அளவில் இருந்தவர்கள் 4 சதவீதம் மட்டுமே. கண்ணைக் கவரும் எண்தான். ஆனால் ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களை மட்டும் எண்ணிய கணக்கு இது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை. மாஸ்க்கைக் கழற்றி எறிந்தவர்களின் மனநிலை அந்த 4 சதவீதத்துக்குள் வராது. அவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிக அக்கறை.

தூக்க ஆய்வகத்தின் ரிப்போர்ட் நோயாளியின் கைக்கு வரும் நாளைப் பார்ப்போம். முந்தின இரவு தலையிலும் நெஞ்சிலும் காலிலும் ஒயர் ஒட்டி, விரலில் கிளிப் மாட்டி, அறிமுகமில்லாத கட்டிலில் படுத்திருந்தார். 'இந்த லட்சணத்தில் யாருக்குத் தூக்கம் வரும்' என்று டெக்னீஷியனிடம் சொல்லிவிட்டு வந்தவர். இப்போது தாளில் ஏஹெச்ஐ 62, ஆக்சிஜன் 71 சதவீதம் வரை இறங்கியது என்று அச்சாகியிருக்கிறது. முதல் உணர்ச்சி பெரும்பாலும் மறுப்பு: மெஷின் கோளாறு, புது இடம், அன்றைக்கு ஜலதோஷம். அன்றிரவு மறுப்பு போய் பயம் வருகிறது. அதுவரை தெரியாமல் தூங்கியவர், தெரிந்துகொண்டதால் தூங்க முடியாமல் விழித்திருக்கிறார். 'தூக்கத்திலேயே போயிடுவேனோ?'

இந்தக் கேள்வியை மழுப்பாமல் எதிர்கொள்ள வேண்டும், ஏனென்றால் செய்தித்தாள் மழுப்புவதில்லை. 2022 பிப்ரவரியில் மும்பையில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி இறந்தபோது மருத்துவர்கள் குறிப்பிட்ட காரணங்களில் ஸ்லீப் ஆப்னியாவும் ஒன்று. தமிழில் 'பாடும் வானம்பாடி'க்கு இசையமைத்தவர் அவர். 'ஸ்டார் வார்ஸ்' நடிகை கேரி ஃபிஷர் 2016-இல் இறந்தபோதும் பிரேதப் பரிசோதனை அறிக்கை இதைச் சுட்டியது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 18 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், கடுமையான ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களின் இறப்பு விகிதம் இல்லாதவர்களைவிட மூன்று மடங்கு இருந்தது. ஆகவே பயம் ஆதாரமற்றதல்ல. ஆனால் பயப்படும் விதம் தவறு. அடுத்த மூச்சு அடைபட்டதும் உயிர் போய்விடும் என்றுதான் அவர் பயப்படுகிறார். அந்த மூச்சைக் காப்பாற்ற மூளை கண் கொட்டாமல் காவல் இருக்கிறது. இத்தனை வருடமும் இருந்தது. கேடு மெதுவாக வருவது: ரத்தக்கொதிப்பாக, இதயத் துடிப்புக் கோளாறாக, பக்கவாதமாக. அதைவிட வேகமாக வரக்கூடியது ஒன்று உண்டு. விடிகாலை நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வரும் இரண்டு விநாடித் தூக்கம். பயப்பட வேண்டுமானால் முதலில் அதற்குப் பயப்படலாம்.

இந்த நிலையில்தான் எந்தச் சிகிச்சை என்று அவரை முடிவெடுக்கச் சொல்கிறார்கள். கவனம், பொறுமை, பல வழிகளை எடைபோட்டு ஒன்றைத் தேர்வது ஆகிய திறமைகளைத்தான் இந்த நோய் முதலில் அரிக்கிறது. மிலான் நகரில் நடந்து 2011-இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், சிகிச்சை பெறாதவர்களின் மூளையில் நினைவோடும் திட்டமிடுதலோடும் தொடர்புள்ள சில பகுதிகள் சுருங்கியிருந்தன. மூன்று மாத சிகிச்சைக்குப் பின் ஓரளவு மீண்டன. சுருக்கமாகச் சொன்னால், சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க வேண்டிய மூளைக்கே சிகிச்சை தேவைப்படுகிறது. டாக்டர் பத்து நிமிடத்தில் சொல்லும் நாலு வழிகளில் இரண்டு வீட்டுக்கு வருவதற்குள் மறந்துபோகும். கூட ஒருவரை அழைத்துப் போக வேண்டிய நோய் இது. சாட்சி சொல்லவும் மனைவிதான் தேவை, கேட்டு நினைவில் வைக்கவும் அவர்தான் தேவை.

சரி, வழிகள் என்ன? 1980 வரைக்கும் கடுமையான நோய்க்கு ஒரே ஒரு நிச்சயமான வழி இருந்தது. கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைப்பது. அடைபடும் இடத்துக்குக் கீழே துளை என்பதால் மறுநாளே தூக்கம் சரியாகிவிடும். பகலில் மூடி, இரவில் திறந்து, வாழ்நாள் முழுக்கச் சளியைத் துடைத்துக்கொண்டு வாழ வேண்டும். குளத்தில் இறங்க முடியாது. உயிரா, கழுத்தா என்ற கேள்வி.

1980 ஜூன் மாதம் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஒரு கட்டடத் தொழிலாளி சிகிச்சைக்கு வந்தார். பகலில் விழித்திருக்கவே முடியாத அளவுக்கு முற்றிய நிலை. துளை போடலாம் என்றதற்கு முடியாது என்றுவிட்டார். மருத்துவர் காலின் சலிவன் அதற்கு முன் கனடாவின் டொரன்டோவில் நாய்களின் தூக்க மூச்சை ஆராய்ந்தவர். நாயின் முகத்துக்கு மாஸ்க் செய்து பழகியவர். மூக்கு வழியாக லேசான அழுத்தத்தில் காற்றை விடாமல் செலுத்தினால் தொண்டைச் சுவர்கள் ஒட்டாமல் நிற்குமே என்று அவருக்கு ஒரு யோசனை. வேக்குவம் கிளீனர் மோட்டாரை உறிஞ்சுவதற்குப் பதில் ஊதும்படி மாற்றி, மூக்குக்கு அளவெடுத்த மாஸ்க்கைப் பசை போட்டு ஒட்டி, அந்த மனிதரைப் படுக்க வைத்தார்கள். அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினால் மூச்சு சீராகிறது, இறக்கினால் அடைபடுகிறது. விளக்கு சுவிட்சைப் போட்டு அணைப்பது மாதிரி தெளிவாகத் தெரிந்தது. பல வருடமாக வராத ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமும் அன்றிரவு வெள்ளமாய் வந்தன. காலையில் அவர் தெளிவாக எழுந்தார். ஐந்து நோயாளிகளின் அனுபவம் 1981 ஏப்ரலில் 'லேன்செட்' இதழில் வெளியானது. சிபேப் பிறந்த கதை இது. ஒரு நோயாளி முடியாது என்று சொன்னதில் பிறந்தது என்பதைத் தூக்க மருத்துவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். மாஸ்க் வேண்டாம் என்பவரை அடம்பிடிக்கும் குழந்தையாகப் பார்க்கும் மருத்துவர்கள் இன்றும் உண்டு.

இன்றைய இயந்திரம் கையடக்கமானது, சத்தமும் இல்லை. ஆனாலும் முதல் இரவு யாருக்கும் சுலபமில்லை. மூச்சை இழுப்பது எளிது. விடும்போது எதிர்க்காற்றைத் தள்ள வேண்டும். வாயைத் திறந்தால் மூக்கில் போன காற்று வாயில் பீறிடும். மீசை வைத்தவருக்கு மாஸ்க்கின் ஓரம் சரியாகப் படியாமல் 'உஸ்' என்று கசிந்து கண்ணில் அடிக்கும். ஏசி அறையில் குழாய்க்குள் நீர் கோத்து மூக்கில் சொட்டும். எல்லாவற்றுக்கும் மேல் அந்தக் கோலம். கண்ணாடியில் பார்த்தால் ஐசியுவில் கிடக்கும் ஆள். சின்னப் பேத்தி எட்டிப் பார்த்துவிட்டு அழுதுகொண்டு ஓடினால் அதோடு சிகிச்சை முடிந்தது. புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு இது வெளியே சொல்ல முடியாத துக்கம்.

சிலருக்கு மாஸ்க்கை வைத்ததுமே நெஞ்சு படபடக்கும், உடனே பிய்த்து எறிவார்கள். மூச்சு முட்டி எழுந்து எழுந்து பழகிய மூளைக்கு முகத்தை மூடுகிற எதுவுமே அபாயச் சங்கு. இதைக் கோழைத்தனம் என்று திட்டிப் பலனில்லை. உளவியலாளர்கள் வேறு மாதிரி செய்கிறார்கள். முதலில் இயந்திரத்தை ஓட்டாமல், பட்டையைக் கட்டாமல், மாஸ்க்கைக் கையால் முகத்தில் பிடித்துக்கொண்டு டிவி பார்க்கச் சொல்வார்கள். எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். அடுத்து காற்றோடு, உட்கார்ந்தபடி. அடுத்து பட்டையோடு. பிறகு மத்தியானக் குட்டித் தூக்கத்துக்கு. கடைசியில்தான் இரவு. நம் ஊரில் கூடுதலாக ஒரு பயம்: 'கரண்ட் போனா என்ன ஆகும்?' மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க்கில் காற்று நின்றால் தானாகத் திறந்துகொள்ளும் வால்வு இருக்கிறது. மூக்குக்கு மட்டுமானதில் வாய் இருக்கிறது. மூச்சு முட்டாது. குறட்டைதான் திரும்ப வரும். ஆனால் இதை யாராவது முதல் நாளே சொல்ல வேண்டும். விற்பனைப் பிரதிநிதி மெஷினை இறக்கிவைத்து, பட்டனைக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால் போதாது. முதல் வாரத்தில் ஏற்படும் பழக்கம்தான் பிற்பாடு நிலைக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த வாரத்தில்தான் நோயாளி தனியாக விடப்படுகிறார்.

வீட்டில் இருப்பவருக்கும் இதில் வேலை உண்டு. "போட்டீங்களா இல்லையா?" என்ற விசாரணையாக ஆனால் மாஸ்க் பீரோவுக்குப் போய்விடும். பட்டையைச் சரிசெய்து கொடுப்பது, எங்கே கசிகிறது என்று பார்த்துச் சொல்வது, காலையில் "நேத்து ராத்திரி ஒரு சத்தமும் இல்ல" என்பது, இவையெல்லாம் உதவுகின்றன. பல வருடம் அரைத்தூக்கம் தூங்கிய மனைவிக்கும் அவர் மாஸ்க் போட்ட இரவில்தான் முழுத் தூக்கம். சில பெண்கள் அந்த அமைதியில் பயந்து எழுந்து மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறார்கள். அந்தப் பழக்கம் போக நாளாகும்.

மாஸ்க் போட வைக்க மருத்துவர்கள் பெரும்பாலும் பயமுறுத்துகிறார்கள்: போடாவிட்டால் ஹார்ட் அட்டாக். இதை 2016-இல் வெளியான ஒரு பெரிய சர்வதேச ஆய்வு சோதித்தது. ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2,717 பேரில் பாதிப் பேருக்கு சிபேப் கொடுத்துச் சில ஆண்டுகள் பார்த்தார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரம்தான் போட்டார்கள், அது போதாது என்று வாதம் உண்டு, நியாயமான வாதம்தான். அந்த ஆய்வு தெளிவாகக் காட்டியது வேறொன்று. பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை தேறியது, வாழ்க்கை மேம்பட்டது. இருபது வருடம் கழித்து வரக்கூடிய மாரடைப்பைச் சொல்லிப் பயமுறுத்துவதைவிட, அடுத்த மாதம் பிள்ளைகள் மேல் எரிந்து விழாமல் இருக்கலாம் என்று சொல்வது உண்மைக்கும் நெருக்கம், மனதிலும் ஒட்டும்.

இயந்திரத்தை நம்பி வாழ்வதிலும் ஒரு பலவீனம் இருக்கிறது. 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் பல லட்சம் சிபேப் இயந்திரங்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்திருந்த பாலியூரித்தேன் நுரைப்பஞ்சு உதிர்ந்து மூச்சோடு போகலாம் என்பது காரணம். போட்டால் பஞ்சுத் துகள், போடாவிட்டால் மூச்சடைப்பு. மாற்று இயந்திரத்துக்குப் பலர் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பழகவே பாடுபட்ட பொருளைப் பார்த்துப் பயப்படும்படி ஆயிற்று.

மாஸ்க் ஒத்துவராதவருக்கு வேறு வழிகள் உண்டு. பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்யும், கீழ்த்தாடையை முன்னே தள்ளிப் பிடிக்கும் கருவி லேசான, நடுத்தர நோய்க்கு நல்லது; கடுமையானதில் பலருக்குப் போதாது, சிலருக்குப் போதும். அண்ணத்தையும் உள்நாக்கையும் வெட்டிக் குறைக்கும் பழைய அறுவை வலி மிகுந்தது. திட்டமிட்ட பலன் கிடைப்பது பாதிப் பேருக்கும் குறைவு.

தாடை அறுவை வேறு விஷயம். மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டையும் அறுத்து ஏறத்தாழ 1 செ.மீ. முன்னே நகர்த்தித் தகடும் திருகும் வைப்பார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் நல்ல பலன் கிடைக்கிறது. ஏஹெச்ஐ 5க்குக் கீழே இறங்கிவிட்டது என்று சொல்லக்கூடியவர்கள் பாதிக்கும் குறைவுதான். ஆனால் 60-லிருந்து 10-க்கு வருவதே வேறு வாழ்க்கை. விலை என்ன? வாரக்கணக்கில் கஞ்சியும் ஜூஸும், கீழுதட்டிலும் மோவாயிலும் மரத்துப்போதல், சிலருக்கு அது நிரந்தரம். அப்புறம் முகம். சிலருக்கு முகம் எடுப்பாகிவிடும், சிலருக்கு அந்நியமாகிவிடும். ஐம்பது வயதில் தன் அப்பாவின் சாயல் முகத்திலிருந்து போய்விட்டால் அதை எந்த மதிப்பெண்ணில் அளப்பது? ஆப்பரேஷனுக்கு முன் கணினியில் புதுமுகத்தின் மாதிரியைக் காட்டுகிறார்கள். அந்தப் படத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் நாலு நாள் வைத்துப் பார்ப்பது நல்லது.

நாக்கின் நரம்பை மின்தூண்டுதலால் இயக்கும் கருவியும் இருக்கிறது. காரையெலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் போலப் பதித்து, படுக்கும்போது ரிமோட்டில் இயக்குவது. ஒவ்வொரு மூச்சுக்கும் நாக்கு முன்னே நகரும். 2014-இல் வெளியான ஆய்வில் 126 பேருக்கு ஓராண்டில் ஏஹெச்ஐயின் நடுமதிப்பு 29-லிருந்து 9-க்கு இறங்கியது. அதே ஆண்டு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தொண்டை எந்த வடிவில் மூடுகிறது என்று மயக்கத்தில் குழாய்விட்டுப் பார்த்த பிறகே தகுதி சொல்வார்கள். சுற்றிலுமிருந்து வட்டமாகச் சுருங்கும் தொண்டைக்கு இதில் பொதுவாகப் பலன் குறைவு.

2024-இல் மருந்தும் வந்தது. டிர்செபடைடு என்ற வாராந்தர ஊசி, உடல்பருமனோடு ஸ்லீப் ஆப்னியாவும் உள்ளவர்களுக்கு ஓராண்டில் மணிக்கு 25 முதல் 29 வரை மூச்சடைப்புகளைக் குறைத்தது. அவர்களின் தொடக்க எண் சராசரியாக 50 என்பதால் ஏறக்குறைய பாதி குறைந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அந்த டிசம்பரில் அனுமதித்தது. 2025 மார்ச்சில் மௌன்ஜாரோ என்ற பெயரில் சர்க்கரைக்கும் பருமனுக்குமாக இந்தியாவுக்கு வந்தது. ஊசியை நிறுத்தினால் எடை திரும்பும், எடையோடு நோயும். தாடை அமைப்பால் வந்தவருக்கு இது உதவாது. 'எடையைக் குறைச்சா எல்லாம் சரியாயிடும்' என்று காலங்காலமாகக் கேட்டு அவமானப்பட்டவர்களுக்கு இதில் ஓர் ஆறுதல்: மனஉறுதியில் குறை இல்லை, பசியின் ரசாயனத்தில்தான் விஷயம் இருக்கிறது என்று இப்போது ஊசியே சொல்கிறது.

இவற்றில் எதைத் தேர்வது என்பதற்கு ஒரே விடை இல்லை. வரிசை மட்டும் உண்டு. திரும்பி வர முடிகிற வழிகளை முதலில் நடந்து பார்ப்பது. மாஸ்க்கைக் கழற்றலாம், பல் கருவியைக் கழற்றலாம், ஊசியை நிறுத்தலாம். அறுத்த தாடையை ஒட்ட வைத்துப் பழைய முகத்தை வாங்க முடியாது. ஆகவே மாஸ்க்கில் தோற்றுப்போனேன் என்று ஒருவர் சொன்னால், எத்தனை வகை மாஸ்க் பார்த்தார், அழுத்தம் சரிபார்க்கப்பட்டதா, மூக்கடைப்புக்கு வைத்தியம் நடந்ததா என்று கேட்க வேண்டும். பலர் ஒரே மாஸ்க்கோடு, ஒரே வாரத்தில் நின்றவர்கள். தூக்கமின்மை நோயும் சேர்ந்திருப்பவர் உண்டு. அவருக்கு அதற்கான உளவியல் சிகிச்சையும் நடக்காமல் மாஸ்க் நிற்காது. கண்ணீர், எரிச்சல், வாழ்ந்தென்ன என்ற நினைப்பு தொடர்ந்தால், தூக்கம் சரியானால் அதுவும் சரியாகும் என்று காத்திருக்காமல் மனநல மருத்துவரையும் அதே வாரம் பார்ப்பதுதான் முறை.

எல்லாம் கேட்டுவிட்டு, "எனக்கு எதுவும் வேண்டாம் டாக்டர்" என்று எழுந்து போகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரைக் கோபித்து அனுப்பினால் திரும்ப வரமாட்டார். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது, படுக்கும் முன் மது குடிக்காமல் இருப்பது, கேட்காமல் தூக்க மாத்திரை போடாமல் இருப்பது, கண் சொக்கும் நாளில் வண்டி எடுக்காமல் இருப்பது, வேறு எந்த ஆப்பரேஷனுக்குப் போனாலும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் இந்த நோயைச் சொல்வது, இவ்வளவையாவது ஏற்றுக்கொள்ளச் செய்யலாம். கூடவே ஆறு மாதம் கழித்து ஒரு தேதி குறித்து, அந்தச் சீட்டை மனைவியின் கையில் கொடுக்கலாம். இதற்கிடையில் எப்போதாவது மூச்சு நிற்கும்போது மனைவி செல்போனில் வீடியோ எடுத்து வைத்திருப்பார். அடுத்த முறை டாக்டர் மேசையில் ரிப்போர்ட்டுக்குப் பதில் அதைப் போட்டுக் காட்டினால், நோயாளி தன் நோயை முதன்முதலாகப் பார்க்கிறார். பலர் அன்றைக்குத்தான் மாஸ்க் என்ன விலை என்று கேட்கிறார்கள்.